பரட்டைத் தலையும் சாம்பிராணிக் கூடையும்



இன்றைக்கு எழுதப் போவது தலைமுடியைப் பற்றி. அதுவும் முழுகிய பிறகு முடி எப்படிக் காய்கிறது என்பதைப் பற்றி. "மாந்தை, அரிப்புக் கோட்டை, முத்துக் குளிப்பு என்று எழுதிக்கொண்டிருந்த டீச்சர் இப்ப கொண்டைக்கு வந்திட்டா" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் வாசியுங்கள். மாந்தைக்கும் போகத்தான் போகிறோம்.

பெருநாள் வந்தால், கலியாணக் காலம் வந்தால், எங்கள் பெண் பிள்ளைகள் முடியை நேராக்க ஓடுகிறார்கள். மேல் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை. நல்ல நெளிமுடி. சின்ன வயதிலிருந்தே வீட்டில் "பரட்டை, பரட்டை" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு அயன் வாங்கி, முழுகும் நாளெல்லாம் ஈரம் சரியாகக் காயுமுன்னமே இழுத்திருக்கிறாள். ஆறேழு மாதத்தில் முடியின் நுனியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. சீப்பை வைத்தால் அந்தப் புள்ளி விழுந்த இடத்தில் துண்டு துண்டாக உடைகிறது. "டீச்சர், வேரோடு கொட்டவில்லை, நடுவில் முறியுது" என்றாள். இனி ஒரு கிறீம் பூசி ஒரேயடியாக நேராக்கிவிடப் போகிறாளாம், உம்மாவும் காசு சேர்க்கிறாவாம். அந்தக் கிறீமைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். அவசரம் உள்ளவர்கள் முதலில் அந்தப் பந்தியைத் தேடிப் படியுங்கள்.

முதலில் "பரட்டை" என்ற சொல்லுக்கு வருவோம். எங்கள் கரையில் நெளிமுடி ஒரு புதினமா? வீட்டுக்கு ஒன்று இருக்கும். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களின் முடியைப் பற்றி அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இருக்கிறது: இறுகச் சுருண்டதுமல்ல, ஒரே நேராகத் தொங்கியதுமல்ல, இரண்டுக்கும் இடைப்பட்டது. அதற்கு அரபியில் "ரஜில்" என்று ஒரு சொல்லே இருக்கிறது. நெளிமுடி என்பதுதான் அதற்கு நாம் சொல்லும் பெயர். முடி வைத்திருப்பவர் அதைப் பேண வேண்டும் என்றும் ஹதீஸ் இருக்கிறது, ஓயாமல் சீவிக்கொண்டே இருப்பதைத் தடுத்த ஹதீஸும் இருக்கிறது. நெளிமுடி உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது எவ்வளவு பொருத்தம் என்பது, காய்ந்த நெளிமுடியில் சீப்பைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு நிமிடத்தில் தலை இரண்டு மடங்காகிவிடும். உம்மு ஸலமா (ரழி) அவர்கள் தன் பின்னலை அவிழ்க்காமலே கடமையான குளிப்பைக் குளிக்கலாமா என்று கேட்டு அனுமதி பெற்றதும் உங்களுக்குத் தெரிந்த செய்திதான். அந்தக் காலத்துப் பெண்களுக்கும் நீண்ட முடியை நனைப்பதும் காய வைப்பதும் ஒரு வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

முடி நனையும்போது என்ன நடக்கிறது? முடி கெரட்டின் என்ற புரதம். அதன் உள்ளே இரண்டு வகைப் பிணைப்புகள் முக்கியம். கந்தகத்தால் ஆன பிணைப்பு உறுதியானது, தண்ணீருக்கு அசையாது. நெளிவு பிறப்போடு வருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மற்றது ஐதரசன் பிணைப்பு. இது பலவீனமானது, தண்ணீர் பட்டால் விட்டுவிடும், காயும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். எந்த வளைவில் இருக்கும்போது காய்கிறதோ அந்த வளைவிலேயே பிடித்துக்கொள்ளும். இரவு ஈரத்தோடு படுத்து எழும்பினால் தலையணை அழுத்திய பக்கம் தட்டையாக நிற்பது இதனால்தான். நெளிமுடி பக்கத்து முடியோடு சேர்ந்து ஒரே வளைவாகக் காய்ந்தால் அழகான அலை. காயும் நேரத்தில் துவாயால் தேய்த்து, விரலால் கோதி, காற்றில் பறக்கவிட்டால் ஒவ்வொரு மயிரும் தனக்கு வந்த திசையில் காயும். அதற்குத்தான் பரட்டை என்று பெயர் வைத்திருக்கிறோம். பிழை முடியில் இல்லை, காய வைத்த விதத்தில்.

ஒரு சின்னக் கிளைக் கதை. ஜெனீவாவில் டி சொசூர் என்ற அறிஞர், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்க 1783 இல் வெளியிட்ட நூலில் ஒரு கருவியை விளக்கினார். அந்தக் கருவியின் உயிர் என்ன தெரியுமா? மனிதத் தலைமுடி. ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும். முற்றாக உலர்ந்த நிலைக்கும் முற்றாக ஈரமான நிலைக்கும் இடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, இரண்டரைப் பங்கு அளவில் நீளம் மாறும். அதை ஒரு முள்ளோடு பூட்டினார். பிறகு நீண்ட காலம் உலகெங்கும் வானிலை நிலையங்களில் முடி பூட்டிய ஈரமானிகள் வேலை செய்தன. ஆக, மழை வரப் போகும் நாளில் உங்கள் முடி சிலிர்த்து நின்றால் அது வானிலை அறிக்கை சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் கடல் உள்ள தீவில் அயன் பிடித்த முடி பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னமே பழையபடி ஆவதும் இதே காரணத்தால். காற்றின் ஈரம் அந்தப் பலவீனமான பிணைப்பைத் திரும்ப அவிழ்த்துவிடுகிறது. பிறகு திரும்ப அயன். அப்படித்தான் முடி எரிகிறது.

சரி, எங்கள் மூத்த பெண்கள் எப்படிக் காய வைத்தார்கள்?

சாம்பிராணி. இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு மவ்லிது மணமும் பிள்ளை பெற்ற வீட்டு மணமும் வரும். பேறு கண்ட பெண்ணுக்கு நாற்பது நாளும் தலை முழுக்காட்டினால், மண் சட்டியில் தணல் போட்டு, அதில் சாம்பிராணி தூவி, மேலே ஓலைக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் கூந்தலைப் பரப்பிவிடுவார்கள். கூடைதான் இதில் கெட்டித்தனம். முடி நெருப்புக்குக் கிட்டப் போகாது. சூடு நேராகப் படாது. ஓலைப் பின்னலின் கண்களால் இளம் சூட்டுக் காற்று மெல்ல மெல்ல மேலே வரும். முடி அசையாமல் கிடக்கும். பரப்பி வைத்த அலை அலையாகவே காயும். வாசம் அதோடு கிடைக்கும் இலாபம். தமிழ்ப் பெண்கள் அகிற்புகையில் கூந்தல் உலர்த்திய செய்தி பழைய இலக்கியங்களில் பல இடங்களில் வருகிறது, தமிழ் டீச்சரிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வா. இது முஸ்லிம் வழக்கம், இது இந்து வழக்கம் என்று பிரிக்க முடியாத ஒன்று.

இனி மாந்தைக்கு வருவோம். தள்ளாடிச் சந்தியைத் தாண்டித் திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் அந்த மேட்டை எத்தனை தரம் கடந்திருப்போம்? மாதோட்டம் என்ற பெருந்துறை அது. 1980 களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அங்கே தோண்டியபோது சீனத்துப் பீங்கானும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மெருகிட்ட பாத்திரத் துண்டுகளும் கிடைத்தன. 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அங்கே எடுத்த மண்ணிலிருந்து மிளகும், கிழக்கே மலுக்குத் தீவுகளிலிருந்து மட்டுமே அன்று வரக்கூடிய கராம்பும் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மேற்கிலிருந்து வந்த கப்பலும் கிழக்கிலிருந்து வந்த கப்பலும் சந்தித்த வாசல் எங்கள் ஊர்.

சாம்பிராணியும் அதே கடல்வழிச் சரக்குத்தான். அது சுமாத்திராவின் மரப் பிசின். அரபிகள் அதை "லுபான் ஜாவி", ஜாவிக் குந்திருக்கம், என்று அழைத்தார்கள். அன்று அவர்கள் சுமாத்திராவையும் ஜாவா என்றே சொல்வதுண்டு. அந்த "லுபான் ஜாவி" ஐரோப்பியர் வாயில் சிதைந்து சிதைந்து "பென்சொயின்" ஆனது. இரசாயனப் புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கும் பென்சீன் என்ற பெயரும் அந்த வழியில் வந்ததுதான். சுமாத்திராவில் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பெயர் போன துறை பாரூஸ். அங்கே 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. தமிழ் பேசும் வணிகர் அந்தப் பிசின் விளையும் கரையிலேயே குடியிருந்து வியாபாரம் செய்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உம்மும்மா சட்டியில் ஒரு பிடி தூவும்போது எத்தனை கடல் தாண்டிய சரக்கைத் தூவினா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

எல்லா முழுக்குக்கும் சாம்பிராணி போடவில்லை. சாதாரண நாளில் இன்னும் எளிது. முழுகுமுன் தேங்காய் எண்ணெய். சீயக்காய், அல்லது செவ்வரத்தை இலை கசக்கிய சாறு. கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் கடைசி வாளியில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. சவர்த் தண்ணீரில் உள்ள உப்பும் கல்சியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும், கொஞ்சம் புளி அதைத் தளர்த்தும். பிறகு பழைய சாரத் துணி. புதுத் துவாய் அல்ல, தோய்த்துத் தோய்த்து மெதுமையான சாரம். அதால் முடியைப் பொத்தி அழுத்துவார்கள், தேய்க்கமாட்டார்கள். மன்னார்க் காற்றைச் சொல்ல வேண்டுமா? வைகாசியில் தொடங்கும் சோளகம் புரட்டாதி வரை நிற்காது, பிறகு வாடை. தெற்குக் கரையில் தம்பபவனி என்று முப்பது காற்றாலைகளை நட்டு மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் அந்தக் காற்றில் முடியை விரித்தால் என்ன ஆகும்? அதனால்தான் வெளியில் நின்று காய வைக்காமல் ஓலை வேலி மறைவில், தாழ்வாரத்தில் குந்தியிருந்து காய வைத்தார்கள். அரைவாசி காய்ந்ததும் தளர இரண்டு பின்னல். மிச்ச ஈரம் அந்தப் பின்னலுக்குள் காயும்போது எல்லா மயிரும் ஒரே அலையில் நிற்கும்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1872 இல் பாரிஸில் மார்செல் கிராத்தோ என்ற முடி திருத்துநர் இரும்புக் குறட்டை நெருப்பில் சுடவைத்து முடியில் நெளிவு வைக்கத் தொடங்கினார். ஆம், நெளிவு! நேர்முடிக்காரப் பெண்கள் காசு கொடுத்து நெளிமுடி வாங்கினார்கள். 1906 இல் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் மின்சாரத்தால் சூடாக்கிய பித்தளைத் தண்டுகளையும் காரத் திரவத்தையும் வைத்து "நிரந்தர நெளிவு" காட்டினார். மணிக்கணக்காக அந்தப் பாரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு இருக்க வேண்டும். முதலில் தன் மனைவியின் தலையில்தான் பரீட்சித்தார், அந்தப் பாவிக்கு முடியும் எரிந்து தோலும் சுட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அல்லாஹ் சும்மா கொடுத்ததை அவர்கள் சூடுபட்டு வாங்கினார்கள். நூறு வருடத்தில் ஆசை தலைகீழாகிவிட்டது, குறடு மட்டும் மாறவில்லை.

(ஷாம்பு என்ற சொல்லும் எங்கள் பக்கத்துச் சொல்தான். பாட்னாவில் 1759 இல் பிறந்த ஷேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் கரையில் நீராவிக் குளியல் நடத்தி "சாம்போ", அதாவது பிடித்து அமுக்குதல், என்ற வைத்தியம் செய்தார். இரண்டு மன்னர்களுக்கே அந்தச் சேவை செய்தவர். சொல் பிறகுதான் தலை கழுவுவதற்கு மாறியது.)

முடி காய வைக்கும் யந்திரம் பிரான்சில் 1880 களின் கடைசியில் வந்தது. கையில் பிடிக்கும் ட்ரையர் 1920 களில். எங்கள் வீடுகளுக்கு அது வர இன்னும் எவ்வளவோ காலம் எடுத்தது.

எங்கள் வீட்டில் கூடை நின்ற காலம் எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபர். வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினோம். கையில் கொண்டுபோகக் கூடியதில் சாம்பிராணிச் சட்டிக்கு யார் இடம் கொடுப்பது? புத்தளத்து முகாமில் கிடுகுக் கொட்டில். அதற்குள் தணல் வைத்தால் வரிசையே எரிந்துவிடும் என்று பயம். தண்ணீருக்கு நீண்ட வரிசை, அந்தத் தண்ணீரும் சவர். உம்மா எங்கள் மூன்று பேரின் முடியையும் கழுத்தோடு வெட்டிவிட்டா. அவவுக்கு வேறு வழி இருக்கவில்லை. வெட்டிய பின்னலைக் கொஞ்ச நாள் பெட்டிக்குள் வைத்திருந்தா. பத்தொன்பது, இருபது வருடம் கழித்து ஊர் திரும்பியபோது கிணறு இருந்தது, வேலி போட்டோம், வீடு கட்டினோம். கூடையைத் திரும்பப் பின்ன யாரும் நினைக்கவில்லை. இடையில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் பைக்கற் ஷாம்புவும் அயனும்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இனி அந்தக் கிறீம். "கெரட்டின்" என்று அழகான பெயரில் நேராக்கும் மருந்துகள் வருகின்றன. 2010 இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சலூன் ஊழியர்கள் மூச்சுத் திணறலும் கண் எரிவும் என்று முறைப்பட, "போமல்டிகைட் இல்லை" என்று எழுதி விற்ற மருந்தைச் சோதித்தார்கள். உள்ளே இருந்தது போமல்டிகைட். புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது அது. 2022 இல் அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 வருடம் தொடர்ந்த ஆய்வொன்று வெளிவந்தது. வருடத்துக்கு நாலு தடவைக்கு மேல் நேராக்கும் இரசாயனம் பாவித்தவர்களில் கருப்பைப் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு முடிவு கட்டவில்லை, ஆனால் எனக்கு அந்த எண் போதும். போமல்டிகைட்டுக்குப் பதிலாக இப்போது பல மருந்துகளில் கிளையொக்சிலிக் அமிலம் சேர்க்கிறார்கள். துனீசியாவில் சலூனுக்குப் போன 26 வயதுப் பெண்ணுக்கு 2020, 2021, 2022 என்று மூன்று முறையும் முடி நேராக்கிய நாளிலேயே வாந்தி, காய்ச்சல், முதுகு வலி. மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சு வைத்தியர்கள் அதே கிறீமை எலிகளின் தோலில் பூசிப் பார்த்தார்கள், எலிகளின் சிறுநீரகத்தில் ஒக்சலேட் படிகங்கள். 2024 இல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. உம்மாமாரே, காசு சேர்க்குமுன் போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள். எழுத்து விளங்காவிட்டால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அல்லது ஆஸ்பத்திரி மிஸ்ஸிடம் காட்டுங்கள்.

அப்படியானால் யந்திரமே ஹராமா என்று கேட்காதீர்கள். கொரியாவில் 2011 இல் ஒரு சோதனை செய்தார்கள். ட்ரையரை 15, 10, 5 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, முப்பது தடவை முடியை நனைத்து நனைத்துக் காய வைத்தார்கள். 5 சென்ரிமீற்றரில் 95 பாகை சூடு, முடியின் மேற்தோல் வெடித்துக் கிடந்தது. 15 இல் 47 பாகை, சேதம் குறைவு. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று: யந்திரமே இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஈரமாகக் கிடந்து தானாகக் காய்ந்த முடியில் மேற்தோல் நன்றாக இருந்தது, உள்ளே செல்களை ஒட்டி வைத்திருக்கும் படலம் மட்டும் கெட்டிருந்தது. நீண்ட நேரம் ஊறிக் கிடப்பதும் முடிக்கு ஆகாது. கூடையும் இளம் சூடும் சரியான நடுவழி என்று இதை வாசித்தபோது பட்டது.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்? காலையில் முழுகி, சொட்டச் சொட்ட முடியை முடிந்து, மேலே தொப்பி, அதற்கு மேலே பர்தா. பாடசாலை விடும்வரை உள்ளே ஈரம். பின்னேரம் அவிழ்த்தால் மணமும் சொறியும், முடியோ எல்லாப் பக்கமும் மடிந்து கிடக்கும். அதனால் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது இது: பாடசாலை நாட்களில் அஸருக்குப் பிறகு முழுகுங்கள். சிக்கெடுப்பதை ஈரத்தில், பல் அகன்ற சீப்பால், நுனியிலிருந்து மேலே எடுங்கள். வாப்பாவின் பழைய சாரமோ ரீ சேர்ட்டோ எடுத்துப் பொத்தி அழுத்துங்கள். ஈரம் இருக்கும்போதே உள்ளங்கையில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003 இல் இந்தியாவில் காட்டியிருக்கிறார்கள், சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை. (ஆய்வைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பனி, அதையும் சொல்லிவிடுகிறேன்.) பிறகு கையை எடுத்துவிடுங்கள். மஃரிப் வரை தொடவே வேண்டாம். இன்னும் ஈரம் இருந்தால் தளரப் பின்னுங்கள். இறுக்கிப் பின்னினால் ஈர முடி முறியும். கட்டாயம் காலையில் முழுக வேண்டிய நாளில், ட்ரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிப் பிடியுங்கள். அயன் மட்டும் ஈர முடியில் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் குமிழாக முடியை வெடிக்க வைக்கும்.

சாம்பிராணி போட ஆசைப்படுபவர்கள் யன்னலைத் திறந்து வையுங்கள். பூட்டிய அறையில் தணல் வைப்பது உயிருக்கு ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் பச்சைப் பிள்ளைக்கும் புகை வேண்டாம்.

எருக்கலம்பிட்டி, தாராபுரம், தலைமன்னார், முசலிப் பக்கத்து மூத்த உம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கூடையை எந்த ஓலையில், எத்தனை பாய்ச்சலில் பின்னினீர்கள்? கண் எவ்வளவு அகலம் விட்டீர்கள்? பேரப் பிள்ளைகளிடம் சொல்லிக் கீழே எழுதுவியுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓலை வெட்டிக்கொண்டு நானே வரத் தயார்.